பத்துக்குப் பதிமூன்று ஹாலில் ஒரு ஹோம் தியேட்டர்

அம்மாவோடு உட்கார்ந்து படம் பார்த்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "என்னடா சொன்னான்?" என்று கேட்பார். பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கும், பேச்சு மட்டும் பிடிபடாது. வால்யூமைக் கூட்டினால் அடுத்த காட்சியில் பின்னணி இசை வந்து அடிக்கும், உடனே ரிமோட்டைத் தேட வேண்டும். அம்மாவுக்கு 68 வயது, காது மந்தமாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். டாக்டர் சோதித்துவிட்டு வயதுக்கு உள்ளதுதான், பெரிய குறை ஒன்றும் இல்லை என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது: பாதி வசனம் எனக்கும் புரிவதில்லை. அம்மா வாய்விட்டுக் கேட்டார், நான் கேட்காமல் விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது வரும் ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும். குரல் நேராக நம்மிடம் வராது. தரையிலும் சுவரிலும் பட்டுச் சிதறித்தான் வந்து சேரும்.

ஹோம் தியேட்டர் ஆசை எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே உண்டு. ஆனால் வாடகை வீட்டில் துணிந்து இறங்கியதற்கு அம்மாவின் அந்தக் கேள்விதான் காரணம். அதனால் முதல் நாளே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். குண்டு வெடிப்பது எப்படிக் கேட்கிறது என்பது இரண்டாம்பட்சம், பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். இதை எழுதுவதற்கும் அதுவே காரணம். சின்ன ஹாலில் தியேட்டர் போட நினைக்கும் பலர் தாழ்ந்த ஓசைக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டியில் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி, பணத்தையும் ஐந்து மாதத்தையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

வீடு சென்னை நங்கநல்லூரில், தனி வீட்டின் முதல் மாடி. கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். ஹால் 10 அடி அகலம், 13 அடி நீளம், மேல்தளம் 10 அடி உயரத்தில். இடப்பக்கம் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். வலப்பக்கம் பாதிக்கு மேல் சுவரே கிடையாது, சமையலறைக்குப் போகும் திறப்பு. தரை வழவழப்பான டைல்ஸ், சுவர் செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும். குடிவரும்போதே ஹவுஸ் ஓனர் அம்மா சொல்லிவிட்டார்: "தம்பி, ஆணி மட்டும் அடிக்காதீங்க. இருக்கிற ஆணியில என்ன வேணாலும் மாட்டிக்குங்க." இருந்த ஆணி மூன்று. அதில் ஒன்று காலண்டருக்குப் போய்விட்டது.

அந்த ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டினால் தட்டிய பிறகு "ஜிங்" என்று ஒரு கம்பி அதிர்வது போன்ற ஓசை மிச்சம் நிற்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்து மாதிரி போய்ப் போய் வருவதன் சத்தம் அது. மரச் சட்டமும் பலகையும் வைத்துக் கட்டும் மேலைநாட்டு வீடுகளில் சுவரே கொஞ்சம் ஒலியை வாங்கிக்கொள்ளும். நம் ஊர்ச் சுவர் வாங்கிக்கொள்ளாது, அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஸ்பீக்கர் வாங்கப் போவதற்கு முன் உங்கள் ஹாலில் இந்தக் கைத்தட்டலைச் செய்து பாருங்கள். 'ஜிங்' கேட்டால் முதல் செலவு துணிக்கு, ஸ்பீக்கருக்கு இல்லை.

நான் அப்படிச் செய்யவில்லை. ஆளுயர டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் பெரிய சப்வூஃபரும் வாங்கினேன். அந்த டவர்களுக்குப் பின்பக்கம் காற்றுத் துளை உண்டு. துளைக்கும் சுவருக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும், என்னால் கொடுக்க முடிந்தது 4 அங்குலம். விளைவு, எல்லார் குரலும் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிட்டது. துளையில் காலுறையைச் சுருட்டி அடைத்துப் பார்த்தேன், கொஞ்சம் தேவலாம் என்றிருந்தது. (காலுறை வைத்தியம் வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் வேலை செய்யும். சில ஸ்பீக்கர்களுக்குத் தயாரிப்பாளர்களே பஞ்சு அடைப்பான் கொடுக்கிறார்கள்.) கடைசியில் டவர்களைப் பாதிக்குக் கொஞ்சம் மேலான விலைக்கு விற்றுவிட்டு, முன்பக்கம் துளை உள்ள சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் வாங்கினேன். இந்த அளவு ஹாலுக்கு அதுவே தாராளம்.

புரொஜெக்டர் யோசனையும் வந்தது. நண்பர் ஒருவருடையதை ஒரு சனி, ஞாயிறுக்கு வாங்கி வந்தேன். 100 அங்குலத் திரைக்கு அகலம் மட்டும் ஏழே கால் அடி வேண்டும், அது முன்சுவரில் இருந்தது. ஆனால் வெளிச்சக் கற்றைக்குக் குறுக்கே சீலிங் ஃபேன். இறக்கையின் நிழல் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது, ஃபேனை நிறுத்தினால் மே மாதம். ஞாயிறு மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருக்கிற 55 அங்குல டிவியே போதும் என்று முடிவு. என் சோஃபாவிலிருந்து அது 9 அடி தூரம். அந்தத் தூரத்துக்கு 65 அங்குலம் பொருத்தமாக இருக்கும், அடுத்து மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். டிவியைக் கடைகளில் வைப்பது போல உயரத்தில் ஏற்றாதீர்கள். 20 அங்குல உயரத்தில் தச்சரிடம் சொல்லி ஒரு ஸ்டாண்ட் செய்தேன். அம்மா பாதி நேரம் தரையில் பாய் போட்டுத்தான் உட்காருவார், அவர் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

இனி சென்டர் ஸ்பீக்கர். முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு என ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்ததுதான் 5.1. அந்த அமைப்பில் வசனத்தில் பெரும்பகுதி இந்த ஒரு பெட்டியிலிருந்துதான் வருகிறது. அதைத்தான் எல்லாரும் டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் தள்ளி, மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டு, பக்கத்தில் ரிமோட்டையும் அடுக்கி வைக்கிறார்கள். தட்டுக்குள் உள்ளடங்கி இருந்தால் குரல் பலகையில் பட்டு எதிரொலித்து மழுங்கிவிடும். நான் பெட்டியின் முகம் தட்டின் விளிம்பைத் தொடும்படி முன்னால் இழுத்தேன். பிறகு கதவு சாத்தாமலிருக்க அடியில் செருகும் ஆப்பு ரப்பர் இரண்டை வாங்கி முன்பக்கம் செருகினேன். பெட்டி லேசாக நிமிர்ந்து, முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது முகத்தைப் பார்த்தது. இரண்டு ரப்பர் 60 ரூபாய். இந்த வீட்டில் செய்த செலவுகளிலேயே ரூபாய்க்கு அதிகப் பலன் தந்தது இதுதான்.

அடுத்தது துணி. என் மனைவிக்குச் சீராக வந்த பவானி ஜமுக்காளம் இரண்டு பரணில் கிடந்தன. கெட்டியான பருத்தி நெசவு, எடுத்து விரித்தால் கை வலிக்கும் கனம். டிவிக்கும் சோஃபாவுக்கும் நடுவே டைல்ஸ் மேல் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக விரித்தேன். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி தரையில் பட்டு எழுவது அந்த இடத்தில்தான். ஜன்னலுக்கு ஏற்கெனவே இருந்த கம்பியிலேயே, ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்துக் கனமான திரை தைத்துப் போட்டோம். மடிப்பு மடிப்பாகத் தொங்க வேண்டும், விறைப்பாக இழுத்துக் கட்டினால் பயன் குறைவு. ஜன்னலுக்குத் திரை போட்டதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. இடப்பக்கம் கண்ணாடி, வலப்பக்கம் வெற்றிடம் என்று இருந்ததால் எல்லாக் குரலும் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு கேட்கும். இடப்பக்கத்தின் எதிரொலி குறைந்ததும் குரல் டிவியின் நடுவுக்கு வந்து நின்றது.

சோஃபாவுக்குப் பின்சுவரில்தான் எதுவும் மாட்ட முடியாது. அதற்கு ரீப்பர் கட்டையில் 4 அடிக்கு 2 அடி சட்டம் நான்கு செய்து, உள்ளே 4 அங்குலத் தடிமனுக்கு இலவம்பஞ்சு அடைத்து, மேலே காடாத் துணி போர்த்தித் தைத்தேன். சுவரில் மாட்டாமல் சாய்த்து வைத்திருக்கிறேன். பஞ்சை ரொம்பவும் இறுக்கி அடைக்கக் கூடாது, ஒலி உள்ளே நுழைய வழி வேண்டும். இலவம்பஞ்சு சட்டென்று தீப்பற்றும் என்பதை மறக்கக் கூடாது. பிளக் பாயிண்ட், ஊதுபத்தி, விளக்கு எதற்கும் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். செலவு செய்ய முடிந்தால் கல்பஞ்சுப் (ராக்வூல்) பலகை வாங்கிக்கொள்வது நல்லது, அது தீப்பற்றாது. முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டுவதால் காசு வீண். அதில் கனமே இல்லை, பேச்சின் எதிரொலியை அது சீராகக் குறைக்காது.

இவ்வளவும் முடிந்து மறுபடி கையைத் தட்டிப் பார்த்தேன். 'ஜிங்' இல்லை. 'டப்' என்று தட்டின சத்தத்தோடு நின்றுவிட்டது. அன்றைக்கு இரவு அம்மா ஒரு முழுப் படத்தில் மூன்றே தடவைதான் "என்ன சொன்னான்?" என்று கேட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் சப்வூஃபர் பிரச்சினை அப்படியே இருந்தது. முன்பக்க இடது மூலையில் வைத்திருந்தேன், மூலையில் வைத்தால் சத்தம் கூடும் என்பதால். கூடத்தான் செய்தது, ஒரே ஒரு சுருதியில். எந்தப் படத்தில் எந்தத் தாழ்ந்த ஓசை வந்தாலும் 'பூம்ம்' என்று ஒரே மாதிரி இழுத்தது. காரணம் அறையின் அளவிலேயே இருக்கிறது. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1,130 அடி போகும். அதைச் சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், அந்த அறை எந்த அதிர்வெண்ணில் தானாகவே முழங்கும் என்று தெரிந்துவிடும். 13 அடி நீளத்துக்கு 43 ஹெர்ட்ஸ் சுமார். 10 அடி அகலத்துக்கு 56. என் ஹாலில் உயரமும் 10 அடி, அதற்கும் அதே 56. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டன. இதற்குப் பஞ்சும் ஜமுக்காளமும் பயன்படாது. அவ்வளவு நீண்ட அலையை 4 அங்குலப் பஞ்சு பிடிக்காது. பெட்டியின் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

அதே வாரம் ஹவுஸ் ஓனர் அம்மா மாடிப்படியில் பார்த்தபோது சொன்னார்: "தம்பி, பேசுறது பாடுறதெல்லாம் எனக்குக் கேக்கவே இல்ல. ஆனா ராத்திரியில கட்டில் அதிருதுப்பா." கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது. அன்று மாலையே மனைவியை மேலே அதே காட்சியை ஓட விடச் சொல்லிவிட்டு நான் கீழே போய் அவர் அறையில் நின்றேன். வசனம் ஒரு சொல்கூட இறங்கவில்லை. தளத்தின் வழியாக 'தும்... தும்...' மட்டும், மேலே ஏதோ ஒரு கனமான சாமானைத் தூக்கித் தூக்கி வைப்பது போல. என் சப்வூஃபர் மூலைக்கு நேர் கீழே அவர் தலைமாடு. கட்டில் சட்டத்தில் கை வைத்தேன், உண்மையிலேயே அதிர்ந்தது. மாடி வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருமுறை இப்படிக் கீழே போய் நின்று கேட்டுவிட வேண்டும். மேலே உட்கார்ந்துகொண்டு 'நான் சத்தமாக வைக்கவில்லையே' என்று நினைப்பது வேறு, அங்கே நின்று கேட்பது வேறு. இரவு 10 மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் என்று சட்டமே வரம்பு சொல்கிறது. சட்டம் இருக்கட்டும், கீழே ஒருவர் தூங்க வேண்டும்.

சரியான இடத்தைத் தேட ஒரு பழைய வழி உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் சோஃபா மேலேயே வைத்து, தாழ்ந்த சுருதிகள் ஏறி இறங்கும் ஓர் இசைத்துண்டை ஓட விட வேண்டும். பிறகு தரையில் மண்டியிட்டு, காதைத் தாழ்த்தி, அறையைச் சுற்றி வர வேண்டும். எல்லாச் சுருதியும் ஒரே சீராகக் கேட்கும் இடமே பெட்டிக்கு உரிய இடம். இடது மூலையில் காது வைத்தபோது 'பூம்ம்'. ஜன்னல் அடியிலும் அப்படியே. சோஃபாவுக்குப் பின்னால், அறை அகலத்தின் சரிபாதியில் வந்தபோது அந்த இழுவை சட்டென்று தணிந்தது. அகலத்துக்கான முழக்கம் அடங்கிப் போகும் புள்ளி அதுதான், நடுவில் நின்று அதைத் தூண்ட முடியாது.

சோஃபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்துப் போட்டு, பின்னால் அந்த இடுக்கில் பெட்டியை வைத்தேன். சோஃபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் தாழ்ந்த ஓசை எப்படியும் குவிந்துதான் கேட்கும், ஆகவே இழுத்ததில் இரண்டு நன்மை. அதைவிட முக்கியமானது வேறு. பெட்டி காதுக்கு மிக அருகில் வந்துவிட்டதால் சத்தத்தைக் குறைக்க முடிந்தது. முன்பு இருந்ததைவிட 6 டெசிபல் குறைத்தும் எனக்கு அதே அளவு கேட்டது. கீழே ரப்பர் திண்டும் போட்டேன், அது பெட்டி தரையை உதைப்பதை மட்டும் குறைக்கும், காற்று வழி போவதைத் தடுக்காது. மறுபடி கீழே போய் நின்றேன். உற்றுக் கேட்டால் ஏதோ இருப்பது தெரிந்தது, கட்டில் அதிரவில்லை.

சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டையும் சுவரில் மாட்ட வழியில்லை. பக்கத்துத் தெருவில் ஜன்னல் கிரில் செய்யும் பட்டறையில் ஒன்றரை அங்குலக் குழாயில் மூன்றரை அடி உயர ஸ்டாண்ட் இரண்டு வெல்டிங் செய்து வாங்கினேன். அடியில் 10 அங்குலச் சதுரத் தகடு. குழாய்க்குள் நன்றாகக் காயவைத்த மணலை நிரப்பி மேல்வாயை அடைத்ததும், லேசாகத் தட்டினால் அசையாத கனம் வந்துவிட்டது. ஈர மணலைப் போட்டால் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இரண்டையும் சோஃபாவின் பக்கவாட்டில், காதுக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன்.

வயர் பற்றி இரண்டே விஷயம். விலை உயர்ந்த ஸ்பீக்கர் வயர் எதுவும் வேண்டாம், இந்தத் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் வாங்கினேன். வயரை மறைக்க இரட்டைப் பக்க டேப்பில் கேசிங் ஒட்டினேன், வெயில் காலத்தில் அது கழன்றபோது டிஸ்டம்பரையும் கையளவு பெயர்த்துக்கொண்டு வந்தது. அதற்குப் பெயிண்ட் அடித்தது என் செலவு. இப்போது வயர் எல்லாம் ஜமுக்காளத்துக்கு அடியில். இன்னொன்று, சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் எதுவும் எரியாது, கெடாது, ஆனால் பாட்டுக் கேட்கும்போது பாடுபவர் குரல் நடுவில் நிற்காமல் கரைந்து போகும். வயரின் மறுமுனையைக் கழற்றி, சிவப்பில் பிளஸும் கறுப்பில் மைனஸும் படும்படி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால், சரியாக மாட்டியிருந்தால் ஸ்பீக்கரின் காகிதம் வெளியே தள்ளும், மாறியிருந்தால் உள்ளே இழுக்கும். என் வலது முன் ஸ்பீக்கர் உள்ளே இழுத்தது.

இன்னொரு நாள் ஐந்து ஸ்பீக்கரிலும் விடாமல் ஒரு 'உம்ம்ம்'. ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவர் பழுது என்று நினைத்து, கடைக்குத் தூக்கிப் போகப் பெட்டியில் வைக்கும் நேரத்தில், செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றினேன். சத்தம் நின்றது. வெளியிலிருந்து வரும் கேபிளின் எர்த்தும் வீட்டு எர்த்தும் இரண்டு வழியாகி, நடுவே மின்சாரம் சுற்றியதால் வந்த இரைச்சல் அது. கேபிள் வரும் வழியில் அதற்கென்று விற்கும் ஐசோலேட்டர் ஒன்றைப் போட்டதும் தீர்ந்தது. இந்த இரைச்சலுக்கு பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

அதைவிடப் பெரிய ஏமாற்றம், மூன்று வாரம் நான் 5.1 என்று நினைத்துக் கேட்டதெல்லாம் வெறும் ஸ்டீரியோ. டிவியின் ஒலி அமைப்பில், ஒலியை டிவியே பிரித்து அனுப்பும் பி.சி.எம். முறை இருந்தது. என் டிவி அதை இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் வெளியே அனுப்பியது. வந்ததை அப்படியே ரிசீவருக்குக் கடத்தும் பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூ என்று மாற்ற வேண்டும். ரிசீவரின் முகப்பில் டால்பி என்று எழுத்து வருகிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) வரைக்கும், டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிளில் ரிசீவருக்கு அனுப்பும் சாதாரண ஏ.ஆர்.சி. இணைப்பே கொண்டுவரும். ப்ளூ-ரே வட்டுகளை டிவி வழியாக முழுத் தரத்தில் கேட்க நினைப்பவர்களுக்கு அதன் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி. அவசியப்படும்.

ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து ஸ்பீக்கர்களின் தூரத்தையும் சத்தத்தையும் அளக்கும் வேலைக்கு அறை அமைதியாக இருக்க வேண்டும், அதே சமயம் அது எழுப்பும் ஓசை பலமாக இருக்கும். வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்குக் கீழ் வீட்டார் எல்லாரும் காஞ்சிபுரம் போயிருந்த நாளில், ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்கச் செய்தேன். முடிவில் சப்வூஃபரின் தூரத்தை இருப்பதைவிட ஐந்தாறு அடி அதிகமாகக் காட்டியது. அது தவறல்ல, பெட்டிக்குள் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது, கை வைக்காதீர்கள். ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று அது எடுத்துக்கொண்டதை மட்டும் 'ஸ்மால்' ஆக்கி, எதற்குக் கீழான ஓசை சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். சப்வூஃபர் முதுகுக்குப் பின்னால் இருப்பது காதுக்குத் தெரியாமல் இருக்க இது முக்கியம். கடைசியாக சென்டரை 2 டெசிபல் கூட்டினேன்.

சென்னையில் ஃபேன் இல்லாமல் படம் பார்க்க முடியாது. ஆகவே ஃபேன் ஓடும்போது எப்படி, ஏசி ஓடும்போது எப்படி என்று அளவுகளை ஓர் அட்டையில் எழுதி டிவி ஸ்டாண்டின் பக்கவாட்டில் ஒட்டினேன். ஏசி என்றால் சென்டர் இன்னும் 1 கூட. இரவு ஒன்பதரைக்கு மேல், உரத்த ஓசையை அடக்கும் நைட் மோட் ஆன், சப்வூஃபர் ஆஃப். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அடியில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: 'சீரியல் – 38. செய்தி – 34.'